பின்வளவுப் பட்டறையில் தோன்றும் பிழைகள்: குறியிலிருந்து காரணத்தைக் கண்டு திருத்தும் வழிமுறை

திருகோணமலையில் வீட்டின் பின்வளவில் ஒரு பட்டறையைத் தம் கையால் எழுப்புகிறவர்கள் பெரும்பாலும் சித்திரைப் புத்தாண்டு கழிந்து, நிலம் காய்ந்து கிடக்கும் மாதங்களிலேயே அத்திவாரம் வெட்டுகிறார்கள். அதே மாதங்களில்தான் கச்சான் காற்று வீசுகிறது. தென்மேற்கிலிருந்து கிளம்பி மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு வருவதால், இங்கே வந்து சேரும்போது அதனிடம் வெக்கையும் வறட்சியுமே மிஞ்சியிருக்கும். ஐப்பசி பிறந்ததும் நிலைமை தலைகீழாகிவிடுகிறது; வாடைக்காற்று கடல்மேல் வந்து தை வரை மழையைச் சரிவாக அடிக்கிறது. உப்புக் காற்றோ பன்னிரண்டு மாதமும் உண்டு.

ஆகவே ஒரு வெடிப்பையோ கசிவையோ கண்டவுடன் அது எங்கே என்று பார்ப்பதோடு, எந்த மாதத்தில் தோன்றியது, எந்த மாதத்தில் கூடிக் குறைகிறது என்பதையும் கேட்க வேண்டும். இந்த ஊரில் காரணத்தைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்தக் கேள்விதான் என்பது என் உறுதியான கருத்து. குறையைக் கண்ட அன்றே சீமெந்தைக் குழைத்துப் பூசி மறைத்துவிட்டால், விசாரிக்க வேண்டிய சாட்சியை நாமே அழித்தவர்களாவோம். முதலில் பென்சிலால் திகதியை எழுதுங்கள். பூச்சு வேலை காத்திருக்கலாம்.

நிலத்தில் வெடிப்பு, நிலத்தில் தூள்

கொங்கிரீட் போட்ட அன்று மாலையோ மறுநாள் காலையோ நிலத்தின் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகள் தோன்றினால், அவை பாரத்தாலோ நிலம் தாழ்ந்ததாலோ வந்தவை அல்ல. கொங்கிரீட் இறுகுவதற்கு முன்பே மேற்பரப்பின் நீரைக் கச்சான் இழுத்துக்கொண்டுவிட்டது. பெரும்பாலும் இவை ஆழமற்றவை. நிலம் ஒரு மாதம் முற்றிய பிறகு, சீமெந்துப் பாலைக் குழைத்துத் தூரிகையால் வெடிப்புக்குள் இறக்கிவிடலாம். அடுத்த முறை காலையில் காற்று எழுவதற்கு முன்போ, வெயில் தாழ்ந்த பின்போ கொங்கிரீட்டைப் போடுங்கள். அடித்தளத்தை முன்கூட்டியே நனைத்துவையுங்கள். காற்று வரும் பக்கம் பொலித்தீனால் மறைப்புக் கட்டுங்கள். மட்டம் செய்து முடித்ததும் பொலித்தீன் விரித்து, மறுநாளிலிருந்து ஈரச் சாக்குப் போட்டு, குறைந்தது ஏழு நாளாவது காயவிடாமல் வைத்திருங்கள்.

வாரங்கள் கழித்து, நிலத்தைக் குறுக்கே இரண்டாகப் பிரிப்பதுபோல ஒரே நீண்ட வெடிப்பு ஓடினால், அது சுருக்க வெடிப்பு. 100 மில்லிமீற்றர் தடிப்புள்ள நிலத்தில் 2.5 முதல் 3 மீற்றருக்கு ஒரு முறை, தடிப்பில் கால்பங்கு ஆழத்துக்குக் கோடு வெட்டிவிட்டிருந்தால், அந்த வெடிப்பு கோட்டுக்குள் ஒளிந்திருக்கும். வெட்டாமல் விட்டிருந்தால், வெடிப்பின் வாயைச் சற்று அகலப்படுத்தி, இழுபடக்கூடிய நிரப்பியால் அடைக்க வேண்டும். சீமெந்தால் அடைத்தால் பக்கத்தில் மீண்டும் பிளக்கும்.

கூட்டக் கூட்ட நிலத்திலிருந்து வெண்தூள் வந்துகொண்டே இருந்தால், கலவையில் தண்ணீர் மிகுந்துபோயிற்று என்று பொருள். "தம்பி, கலவை இறுகுது, கொஞ்சம் தண்ணி விடு" என்று மேசன் குரல் கொடுத்ததும் கையாள் அரைவாளி தண்ணீரை ஊற்றுவது எல்லா வளவுகளிலும் நடக்கிறது. 50 கிலோச் சீமெந்துப் பைக்கு 25 லீற்றர் அளவில், மணலில் ஏற்கெனவே உள்ள ஈரத்தையும் சேர்த்தே கணக்கிட்டு, நிறுத்திக்கொள்ள வேண்டும். மிஞ்சிய நீர் மேலே ஏறி, சீமெந்தின் மென்தூளையும் தூக்கிவந்து வலுவற்ற தோலாகப் படியும். அந்தத் தோலைத் தேய்த்து அகற்றிவிட்டு, நிலத்தை இறுக்கும் சிலிக்கேற்றுத் திரவம் பூசினால் அடங்கும். அதை அகற்றாமல் மேலே பெயின்ட் அடிப்பது வீண். தோலோடு சேர்ந்து பெயின்டும் உரிந்துவிடும்.

சுவரில் வெடிப்பு

இங்கே மண்ணைப் பார்க்காமல் பேச முடியாது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்தில் மணல். தம்பலகாமத்து வயலோரங்களில் களி. உவர்மலை போன்ற மேட்டுப் பகுதிகளில் சில அடி தோண்டியதும் பாறை. ஒரே வடிவான வெடிப்புக்கு இம்மூன்று இடங்களிலும் மூன்று காரணங்கள் இருக்கக்கூடும்.

கற்களின் இணைப்பு வழியே படிக்கட்டாக ஏறி, மேலே போகப் போக அகலும் வெடிப்பு, சுவரின் மூலை தாழ்வதைக் காட்டுகிறது. களிமண் நிலத்தில் இது கோடையில் வாய்திறந்து மாரியில் மூடிக்கொள்ளும். களி காயும்போது சுருங்குவதும் நனையும்போது பொங்குவதுமே காரணம். அந்த மூலைக்கு அருகில் பெரிய மரம் நிற்கிறதா, பீலியின் தண்ணீர் அங்கே கொட்டுகிறதா என்று பாருங்கள். தண்ணீரைக் குழாய் வைத்து அத்திவாரத்திலிருந்து குறைந்தது இரண்டு மீற்றர் தள்ளிக் கொண்டுபோய் விடுவதே பலவேளைகளில் போதிய மருந்தாகிவிடுகிறது. பாறை நிலத்தில், சுவரின் ஒரு பாதி பாறைமீதும் மறுபாதி நிரப்பிய மண்மீதும் நின்றால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெடிக்கும். இது பருவத்தோடு கூடிக் குறையாது, முதல் மாரியில் நிரப்பு மண் இறங்கும்போது ஒரேயடியாக வந்து நிற்கும். நின்றுவிட்டது என்று உறுதியான பிறகே அடைக்க வேண்டும்.

உறுதி செய்வதற்கு எளிய வழி உண்டு. வெடிப்பின் இரு முனையிலும் கோடிட்டுத் திகதி எழுதுங்கள். வெடிப்பின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் எபொக்சியால் ஒட்டுங்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் கடந்து கண்ணாடி முழுதாக இருந்தால் அசைவு நின்றுவிட்டது. உடைந்தால் இன்னும் அசைகிறது. வெடிப்பு 5 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, சுவர் தூக்குக்குண்டுக்கு ஒத்துவராமல் சாய்ந்தாலோ, பொறியியலாளர் ஒருவர் நேரில் பார்க்கும்வரை எதையும் தொட வேண்டாம்.

நீண்ட சுவரின் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் நேராக ஓடும் வெடிப்பு, பெரும்பாலும் முற்றாத சீமெந்துக் கல்லை வாங்கிக் கட்டியதன் விளைவு. வார்த்த சில நாட்களிலேயே விற்கப்படும் கல், சுவரில் ஏறிய பின் காய்ந்து சுருங்கும். யன்னலின் மேல்மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்புவது, லிண்டல், அதாவது யன்னலுக்கு மேல் சுவரின் பாரத்தைத் தாங்கும் விட்டம், இரு பக்கச் சுவரிலும் போதியளவு ஏறி உட்காரவில்லை என்பதைச் சொல்கிறது. ஒவ்வொரு பக்கமும் 150 மில்லிமீற்றராவது வேண்டும்.

சுவரின் அடியில் வெண்பூப்பும் உதிரும் பூச்சும்

முழங்கால் உயரம் வரை பூச்சு பொங்கி, விரலால் தொட்டால் மாவாக உதிர்ந்து, வெண்மையான உப்புப் படிந்திருந்தால், நிலத்து ஈரம் சுவரில் ஏறுகிறது. ஆனால் இது ஏறும் ஈரமா, உள்ளே தேங்கிய காற்றின் ஈரமா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ஓரடிச் சதுரமான தெளிந்த பொலித்தீன் துண்டைச் சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் நாடாவால் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் ஈரமாயிருந்தால் காற்றோட்டக் குறைவு.

சுவருக்குள்ளிருந்து வருமானால், வெளிப்பக்கம் போய்ப் பாருங்கள். வளவைச் சமன்செய்யவென்று கொட்டிய மண், ஈரந்தடுக்கும் படைக்கு (நிலத்து ஈரம் மேலேறாதபடி சுவரின் அடியில் இடும் படைக்கு) மேலே ஏறியிருக்கிறதா? வெளிப்பூச்சு அந்தப் படையைத் தாண்டி மண்ணுக்குள் இறங்கியிருக்கிறதா? இவ்விரண்டுமே நீருக்குப் பாலம் போட்டுக் கொடுக்கின்றன. மண்ணைப் படைக்கு 150 மில்லிமீற்றர் கீழே வரும்வரை வெட்டி எடுத்து, கீழிறங்கிய பூச்சைக் கொத்தி நீக்கினால், சுவர் அடுத்த கோடையில் தானாகவே உலரும். படையே போடாமல் கட்டிய சுவருக்கு இது போதாது. இரசாயனத் தடுப்பைத் துளையிட்டு ஏற்றுவது போன்ற பெரிய வேலை தேவைப்படும்.

வெண்பூப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். உப்பு கரைந்து உள்ளே போய், காய்ந்ததும் மீண்டும் வெளியே வரும். உலர்ந்த தூரிகையால் தேய்த்துக் கூட்டி அள்ளுங்கள். எண்ணெய்ப் பெயின்டால் மூடுவது இன்னும் பெரிய தவறு. வெளியேற வழியில்லாத ஈரம் சுவரில் இன்னும் ஓரடி மேலேறிப் பூக்கும்.

தூணில் பழுப்புக் கோடு

இந்தக் குறியைத்தான் நான் எல்லாவற்றிலும் பாரதூரமாகக் கருதுகிறேன். கடலோரத்துப் பட்டறைத் தூணொன்றின் மூலையில், கம்பி ஓடும் இடத்துக்கு நேர்மேலே, நூல்போல ஒரு நெடுங்கோடு விழும். அதன் ஓரங்களில் தேநீர்க் கறை போன்ற பழுப்பு நிறம் கசிந்திருக்கும். சிறு சுத்தியலின் காம்பால் தட்டிக்கொண்டே வந்தால், நல்ல இடத்தில் கணீரென்றும், கோட்டுக்கு அருகில் பொத்தென்றும் கேட்கும். பொத்தென்று ஒலிக்கும் இடத்தில் கொங்கிரீட் ஏற்கெனவே கம்பியை விட்டுப் பிரிந்துவிட்டது.

நல்ல கொங்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைக் கறள் பிடிக்காமல் காக்கிறது. குளோரைட்டு, அதாவது உப்பு, கம்பி வரை போய்விட்டால் அந்தக் காப்பு உடைகிறது. கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் கொங்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. உப்பு மூன்று வழிகளில் வருகிறது. கழுவாத கடல் மணலோடு வரலாம். அனுமதியின்றிக் கடற்கரை மணல் அள்ளுவது சட்டப்படி குற்றம் என்பதோடு, அதைத் தூணுக்குப் போடுவது தூணுக்கும் கேடு. கலவை நீரோடு வரலாம். கோடை முற்றும்போது கடலோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்க்கிறது, நாம் கட்டுவதும் அதே மாதங்களில்தான். அல்லது கம்பியை மூடும் கொங்கிரீட் மெல்லியதாக இருந்து, உப்புக் காற்று வெளியிலிருந்து ஊறிச் செல்லலாம். முதலிரண்டும் எல்லாத் தூண்களிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தெரியும். மூன்றாவது கடலைப் பார்த்த முகத்தில் முந்தித் தெரியும்.

வெளியிலிருந்து வந்ததாயின் திருத்தலாம். முதலில் கூரையின் பாரத்தை முட்டுக்கொடுத்துத் தூணிலிருந்து எடுங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. பிரிந்த கொங்கிரீட்டை முழுவதும் கொத்தி, கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவு இடைவெளி வரும்வரை எடுங்கள். கம்பியை வெளிறிய இரும்பு தெரியும்வரை தேய்த்து, கறள் தடுக்கும் பூச்சுப் பூசுங்கள். கம்பி மெலிந்து கால்பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால், நல்ல பகுதியிலிருந்து தொடங்கிப் புதுக் கம்பியைப் பக்கத்தில் சேர்த்துக் கட்ட வேண்டும். பிறகு ஆற்று மணலும் நன்னீரும் கொண்டு நிரப்பி, கம்பிக்கு மேல் 40 முதல் 50 மில்லிமீற்றர் மூடல் வரும்படி தூணைச் சற்றுப் பருமனாக்குங்கள்.

உப்பு கலவையிலேயே இருந்ததாயின், ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஓரிரு ஆண்டில் மீண்டும் கறள் கிளம்பும், ஏனெனில் சுற்றியுள்ள பழைய கொங்கிரீட் முழுவதும் உப்பு நிறைந்தது. அத்தகைய தூணை இடித்துப் புதிதாக வார்ப்பதே சிக்கனம். இதைச் சொல்லும்போது பலருக்கு மனம் ஒப்புவதில்லை; இருந்தாலும் கூரைக்குக் கீழே நின்று வேலை செய்யப்போவது நாமும் நம் பிள்ளைகளும்.

கூரை ஒழுகுதல்

எல்லா மழைக்கும் ஒழுகுகிறதா, காற்றோடு அடிக்கும் மழைக்கு மட்டுமா, மழையே இல்லாத விடியலிலா? மூன்றுக்கும் காரணம் வேறு.

எல்லா மழைக்கும் ஒரே இடத்தில் ஒழுகினால் திருகாணியைச் சந்தேகியுங்கள். ஏணி வைத்து ஏறி, ஒவ்வொரு தலையாகக் கிட்டப்போய்ப் பாருங்கள். சரியாக முறுக்கிய திருகாணியில், இறப்பர் வாசர் உலோகத் தொப்பியின் விளிம்போடு ஒட்டி மட்டுமட்டாகத் தெரியும். அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால் இறப்பர் வெளியே பிதுங்கி, வெயில் பட்டு வெடித்திருக்கும். போதாமல் விட்டிருந்தால் வாசரை விரலால் சுழற்றலாம். பிதுங்கியதைக் கழற்றி, ஒரு படி பருத்த திருகாணியைப் புது வாசரோடு போடுங்கள். மேலே சிலிக்கன் பூசுவது ஒரு மாரிக்கு மேல் நிற்பதில்லை. தகரத்தைத் துளைக்கும்போது விழுந்த இரும்புத் தூளை அன்றன்றே கூட்டாமல் விட்டிருந்தால், உப்புக் காற்றில் அது கறளாகித் தகரத்தையும் கறைப்படுத்தியிருக்கும். அந்தப் புள்ளிகளே பிறகு ஓட்டையாவதுண்டு.

காற்றோடு வரும் மழைக்கு மட்டும் ஒழுகினால், தகரம் தகரத்தின்மேல் ஏறும் மடிப்பைப் பாருங்கள். இங்கே மழை வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. ஆகவே மேல்தகரத்தின் பக்க விளிம்பு அத்திசையை நோக்கித் திறந்திருக்கக் கூடாது. தகரம் விரிக்கும்போது காற்று வரும் திசைக்கு எதிர்க்கோடியில் தொடங்கி, காற்றை நோக்கி வந்தால் இது தானாக அமையும். மாறி விரித்திருந்தால், மடிப்புக்குள் ஒட்டுநாடா வைத்து, இரு சலாகைகளுக்கு (தகரத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களுக்கு) இடையிலும், தகரத்தைத் தகரத்தோடு பிணைக்கும் தையல் திருகாணி போட்டு இறுக்கலாம். கூரைச் சரிவும் முக்கியம்: 10 பாகைச் சரிவில் 3 மீற்றர் ஓட்டத்துக்கு அரை மீற்றருக்குச் சற்று மேலாக உயரம் வரும். அதற்கும் தட்டையாகப் போட்டால், காற்று தண்ணீரை மடிப்புக்குள் மேல்நோக்கித் தள்ளும்.

விடியலில், முதல்நாள் மழையே இல்லாதபோது, தகரத்தின் அடிப்பக்கம் எங்கும் துளிகள் கோத்துச் சலாகை வழியே சொட்டினால் அது ஒழுக்கே அல்ல. மாரி ஓய்ந்த தெளிந்த இரவுகளில் தகரம் வானத்துக்கு வெப்பத்தை விட்டுக் குளிர்ந்து, உள்ளே தேங்கிய ஈரக்காற்றின் நீரைத் தன்மேல் படியவைக்கிறது. முகட்டிலும் தாவாரத்திலும் காற்றுப்போக வழி விட்டு, தகரத்தின் கீழ் வெப்பம் தடுக்கும் படலம் விரித்தால் தீரும். கோடை வெக்கையும் அதனாலேயே பெரிதும் தணியும். கருவிகளில் ஓரிரவில் கறள் படிவதும் இதே ஈரத்தால்தான்.

ஒழுகாவிட்டாலும் காற்றில் தகரம் படபடத்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரையேறியதை இம்மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். காற்று கூரையை அமுக்குவதைவிட மேல்நோக்கி உறிஞ்சுவதே அதிகம். மூலை, முகடு, தாவாரம் ஆகிய ஓரங்களில் அந்த உறிஞ்சல் கடுமையாயிருக்கும். ஓரங்களில் ஒவ்வொரு மேட்டிலும் திருகாணி போடுங்கள். தகரத்திலிருந்து சலாகைக்கும், சலாகையிலிருந்து கைமரத்துக்கும், கைமரத்திலிருந்து சுவரின் மேற்பட்டிக்கும், பட்டியிலிருந்து தூணுக்கும் பிடிப்பு அறாமல் போகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பாருங்கள். வெறும் ஆணி மேல்நோக்கிய இழுவைக்கு நிற்காது. நாகமுலாம் பூசிய இரும்புப் பட்டி வேண்டும்.

பழைய அஸ்பெஸ்டஸ் சீட்டுகளை மாற்றும்போது, உலர்ந்த நிலையில் கிரைண்டரால் வெட்டவே கூடாது. அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். நன்றாக நனைத்து, உடைக்காமல் முழுச் சீட்டாகவே இறக்க வேண்டும்.

கருவியைப் போட்டதும் விளக்கு மங்குதல்

வீட்டிலிருந்து பட்டறைக்கு இழுத்த வயர் மெல்லியதாயிருப்பதே வழக்கமான காரணம். 1 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரை 30 மீற்றர் இழுத்தால், போய்வரும் இரு கம்பிகளின் தடையும் சேர்ந்து 1 ஓமுக்குச் சற்று மேல். 8 அம்பியர் மோட்டார் ஓடும்போது அதில் ஏறத்தாழ 9 வோல்ற்று இழக்கப்படும். ஆனால் கிளம்பும் கணத்தில் மோட்டார் ஆறு மடங்குவரை மின்னோட்டம் கேட்பதால், 230 வோல்ற்றில் ஏறத்தாழ 50 வோல்ற்று குறைந்து, மோட்டார் கிளம்ப முடியாமல் முனகும். 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் இந்த இழப்பைப் பாதிக்கும் கீழே குறைக்கும். சுருட்டி வைத்த நீட்டு வயரை முழுவதும் விரித்துவிட்டே பாவியுங்கள்; சுருளுக்குள் சூடேறி உறை உருகும்.

மாரியில் மட்டும் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால், வெளிச்சுவரில் உள்ள பிளக் பெட்டிக்குள் ஈரமோ எறும்போ புகுந்திருக்கும். கருவியின் உடலைத் தொட்டால் விறுவிறுக்கிறது என்றால், அந்த நொடியே மெயினை நிறுத்துங்கள். அதற்கு மேல் அது நாமே செய்யும் வேலை அல்ல. தகுதிபெற்ற மின்னிணைப்பாளர் வந்து ஏர்த் கம்பியையும் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச்சையும் சோதித்த பின்னரே மீண்டும் மின் கொடுக்க வேண்டும்.

கதவும் கறையானும்

நிலையின் மரத்தில் பென்சில் தடிப்பில் மண்குழாய் ஏறியிருந்தால் அது கறையானின் பாதை. குழாயை உடைத்துவிட்டு இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். மீண்டும் கட்டியிருந்தால் புற்று உயிரோடு இருக்கிறது. மரத்தில் மருந்தடிப்பது மட்டும் போதாது. அத்திவாரத்தை ஒட்டிய மண்ணுக்கும் மருந்து போக வேண்டும். சுவரோடு சாய்த்து வைத்த பலகையும் விறகும் அகல வேண்டும். புதிதாக நிலை போடுவதானால் முதிரையோ பாலையோ கிடைத்தால் அதையே போடுங்கள்.

மாரியில் இறுகி, கோடையில் தளரும் கதவை மழை நாளில் சீவாதீர்கள். அப்போது மரம் ஊதியிருப்பதால், பங்குனிக்குள் ஒரு விரல் நுழையும் இடைவெளி விழுந்துவிடும். உரசும் இடத்தைக் கரித்துண்டால் குறித்துவைத்து, முதலில் பிணைச்சலின் திருகாணிகள் தளர்ந்து கதவு தொங்குகிறதா என்று பாருங்கள். பாதிக் கதவுகளுக்கு அதை இறுக்குவதே போதும். போதாவிட்டால், மாசியில் மரம் உலர்ந்த பின் குறித்த இடத்தில் மெல்லச் சீவி, அன்றே கதவைக் கழற்றிப் படுக்கவைத்து, யாருடைய கண்ணுக்கும் படாத மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் இரண்டு கை பெயின்ட் பூசிக் காயவிட்டு மாட்டுங்கள்.